சூசை செய்த காற்றுப்பெட்டி

தொழில் பழக வந்திருக்கிற உங்களுக்குப் பொறாமைப்படாதே என்று சொல்ல ஆட்கள் நிறைய இருப்பார்கள். வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள், கோயிலில் பிரசங்கம் செய்திருப்பார்கள். நான் சொல்லப் போவதில்லை. பைப் ஆர்கன் வேலையில் நான் உளி பிடித்த காலம் முழுவதும் பொறாமையோடுதான் பிடித்தேன். அதுவும் ஊரில் உள்ளவர்கள் மேலெல்லாம் இல்லை, ஒரே ஒரு ஆள் மேல். அந்த ஆள் இன்றைக்கு உயிரோடு இல்லை. பொறாமை மட்டும் இன்னும் உயிரோடு நன்றாகத்தான் இருக்கிறது. அதை மனசில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கும்போது எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

நான் ஞானமுத்து, நாசரேத் பக்கத்துக்காரன். மிஷன் தொழிற்பள்ளியில் தச்சு படித்துவிட்டுத் தூத்துக்குடியில் பீரோவும் அலமாரியும் செய்துகொண்டிருந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். வெள்ளைக்காரர் காலத்தில் கிறிஸ்தவக் கோயில்களுக்காகக் கப்பலில் வந்து இறங்கிய, காற்றால் பாடும் ஆர்கன்களைப் பழுது பார்ப்பது அங்கே தொழில். கறையான் தின்ற பாகங்களைக் கழற்றிப் போட்டுவிட்டு நம் தேக்கில் புதிதாகச் செய்து வைப்போம். முதலாளி மதராசில் தொழில் படித்தவர். அதிகம் பேச மாட்டார். வேலை பிடித்திருந்தால் பலகையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். அந்தத் தட்டுக்காக நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அப்போது புதுத் துறைமுக வேலைக்கென்று தச்சர்கள் எல்லாரும் போய்க்கொண்டிருந்தார்கள். பட்டறைக்கு ஆள் கிடைக்கவில்லை. முதலாளி எங்கேயோ விசாரித்துப் புன்னைக்காயலிலிருந்து ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவன் ஓடாவி, அதாவது படகு கட்டும் தச்சன். பெயர் சூசை. நாங்கள் சீர்திருத்தச் சபைக்காரர்கள், யோசேப்பு என்போம், அவர்கள் கத்தோலிக்கர்கள், சூசை என்பார்கள். மரியாளின் புருஷன் தச்சன் அல்லவா, அவருடைய பெயரையே வைத்துக்கொண்டு வந்துவிட்டான் என்று நான் அன்றைக்கே கிண்டல் செய்தேன். அவனும் சேர்ந்து சிரித்தான். நான் கிண்டல் செய்தால் கோபப்படுகிறவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

ஆர்கனை வாழ்நாளில் பார்த்திராதவன் அவன். முதலாளி ஒரு பழைய காற்றுப்பெட்டியைத் திறந்து காட்டினார். துருத்தியிலிருந்து வரும் காற்று இந்தப் பெட்டியில் நிற்கும், வாசிக்கிற கட்டையை அழுத்தினால் அந்தக் கட்டைக்குரிய வழியில் மட்டும் ஏறி அதன் குழலை ஊதும், வழிகளுக்கு நடுவே மயிரிழைச் சந்து இருந்தாலும் பக்கத்துக் குழலும் சேர்ந்து முனகும் என்று விளக்கினார். சூசை கேட்டுவிட்டுச் சொன்னான்: "அப்பம் இதுவும் வள்ளந்தான் மொதலாளி. அது தண்ணிய உள்ள விடக் கூடாது, இது காத்த வெளிய விடக் கூடாது." முதலாளி பலகையைத் தட்டவில்லை. அவன் முதுகைத் தட்டினார். நான் இழைப்புளியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு அவன் செய்வதையெல்லாம் நான் கவனிக்க ஆரம்பித்தேன். என் வேலையைக்கூட அவ்வளவு கவனித்ததில்லை. அளவுகோலை அவன் அபூர்வமாகத்தான் எடுப்பான். கையால் தடவிப் பார்த்து மரம் எந்தப் பக்கம் வளையும் என்று சொல்லுவான், அது அந்தப் பக்கம்தான் வளையும். ஒவ்வொரு பெட்டி தொடங்கும்போதும் ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டுச் சிலுவை போட்டுக்கொள்வான். அந்த வாசனை வந்தாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். பெட்டி நன்றாக வந்துவிடும் என்று அர்த்தம்.

ஒரு தடவை அவன் துருத்திக்குச் சட்டம் செய்திருந்தான். மரம் பச்சையாக இருக்கிறது, ஈரம் காயவில்லை, நாளைக்கு முறுக்கிக்கொள்ளும் என்று எனக்குப் பட்டது. பட்டது என்ன, கண்ணால் பார்த்தது போலவே இருந்தது. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் சட்டத்தைக் குறுக்கே அறுக்கச் சொன்னார். அறுத்தால் உள்ளே எலும்பு போலக் காய்ந்து கிடந்தது. நல்ல சட்டம் ஒன்று வீணாய்ப் போனது. சூசை அறுபட்ட துண்டுகளை வீணாக்காமல் ஒரு முக்காலி செய்து, நான் குனிந்து வேலை பார்ப்பதால் இடுப்பு வலிக்கும் என்று என் மேசைக்கு அடியில் கொண்டுவந்து வைத்தான். பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் தாங்கிக்கொண்டிருப்பேன்.

ஆனால் அந்தச் சட்டம் எனக்கு ஒன்றைக் காட்டிக் கொடுத்தது. பொறாமை பிடித்தவனுக்கு இல்லாத குறையும் கண்ணில் தெரியும். கற்பனை செய்வதாக அவனுக்கே தோன்றாது. தெளிவாகத் தெரியும். இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இனி சொல்லப்போவதற்கு இது வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் சாத்தான்குளத்துக்கு மேற்கே ஒரு ஊர்க் கோயிலிலிருந்து வேலை வந்தது. பெரிய ஆர்கன், பல காலமாக ஊமையாகக் கிடந்தது. அந்த ஊரில் படித்து வெளியூரில் வாத்தியாராகவும் உத்தியோகத்திலும் இருந்தவர்களெல்லாம் சேர்ந்து அதைப் பேச வைக்க வேண்டும் என்று கிளம்பியிருந்தார்கள். கோயில் கட்டிய நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அது பாட வேண்டும், பேராயர் வருவார் என்று முடிவாகியிருந்தது. முதலாளிக்கு அப்போது உடம்பு தளர்ந்துவிட்டது. இந்த வேலை முடிந்ததும் பட்டறைப் பொறுப்பை எங்கள் இரண்டு பேரில் ஒருவரிடம் விடப்போவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, காற்றுப்பெட்டியைச் சூசையிடமும் வெளிக்கூட்டை என்னிடமும் கொடுத்தார். கூடு என்றால் ஆர்கனின் முகம். ஈட்டி மரத்தில் பனை ஓலை போலச் சித்திரம் செதுக்கினேன். என் கையிலிருந்து அதைவிட நல்ல வேலை அதற்கு முன்பும் வரவில்லை, பின்பும் வரவில்லை. ஆனாலும் பாடுவது பெட்டிதான், கூடு இல்லை. எனக்கு அந்தப் பொறுப்பு வேண்டும். சோற்றை விட அதிகமாக வேண்டும். சூசை இல்லாதிருந்தால் அது என்னுடையது என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

பெட்டி தூத்துக்குடியிலேயே முடிந்தது. பட்டறைக்குக் கடற்காற்று நேரே வரும். காற்றை ஏற்றிச் சோதித்தோம், முதலாளியும் காது வைத்துக் கேட்டார், நானும் கேட்டேன். ஒரு முனகல் இல்லை. லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கோயிலில் பூட்டினோம். முதலாளி காய்ச்சலில் படுத்துவிட்டதால் பண்டிகையன்று வருவதாகச் சொல்லி எங்களை மட்டும் அனுப்பியிருந்தார்.

ஆனி மாதம். மேற்கிலிருந்து அடிக்கிற அந்தப் பக்கத்து மேல்காற்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, தேரிக்காட்டுச் செம்மணலை வாரிக்கொண்டு வந்து கதவைத் தட்டும். உதடு வெடிக்கும். மரமும் வெடிக்கும்.

பண்டிகைக்கு முந்தைய நாள் காலையில் சூசை சாப்பிடப் போயிருந்தான். கோயிலைப் பெருக்கி மணியடிக்கிற கோயில்குட்டி துருத்தியை மிதிக்க, நான் சும்மா ஒரு கட்டையை அழுத்தினேன். அந்தக் குழல் பாடியது. அதற்கடியில் பக்கத்துக் குழல் மிக லேசாக முனகியது. கையை எடுத்தேன், நின்றது. மறுபடி அழுத்தினேன், முனகியது. கோயில்குட்டியிடம் ஏதாவது கேட்கிறதா என்றேன். நல்லாத்தானே பாடுது என்றார்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைப்பதற்கில்லை. உடனே எனக்குக் காரணமும் பிடிபட்டது. படகுக்காரன் பலகை இடுக்கைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட மாட்டான். பஞ்சுத் திரியைக் குங்கிலியத்தில் தோய்த்து அடைத்துவிட்டுத் தண்ணீரில் இறக்கினால் மரம் குடித்து ஊதித் தானே இறுக்கிக்கொள்ளும். சூசையும் பெட்டியின் உள்வழிகளை அப்படித்தான் அடைத்திருந்தான். கடல் ஈரத்தில் ஊதி நின்ற மரம், மேல்காற்றில் காய்ந்து சுருங்கி இடுக்கு விட்டுவிட்டது. நான் செய்திருந்தால் வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஆட்டுத்தோல் ஒட்டியிருப்பேன். பீரோக்காரனுக்கு அது முதல் பாடம்.

சந்தோஷத்துக்குப் பின்னாலேயே பயம் வந்தது. அந்த அறுபட்ட சட்டம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் எனக்கு இப்படித்தான் தெளிவாகத் தெரிந்தது. இப்போது கேட்பது குழலா, என் வயிற்றெரிச்சலா? கோயில்குட்டிக்குக் கேட்கவில்லை. இதை நம்பிப் பெட்டியைத் திறக்கச் சொன்னால் குழல்களைக் கழற்ற வேண்டும். குறை இல்லையென்றால் பேராயர் வரும்போது ஆர்கன் எலும்புக்கூடாகக் கிடக்கும், காரணம் நான். குறை இருந்து நான் வாயை மூடிக்கொண்டால் நாளைக்கு எப்படியோ ஒப்பேறிவிடும், ஆடிக்குள் பெட்டி முழுவதும் ஊளையிடும், சூசையின் பெயர் கெடும், பட்டறை என் கைக்கு வரும். எல்லாம் தானாகவே நடக்கும். நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

நான் ஏன் வாயை மூடிக்கொள்ளவில்லை என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நல்ல மனசு என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், ஆனால் அது பொய். ஆடி மாதத்தில் அது ஊளையிடும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். எனக்கு அவன் முகம் விழுவதைப் பார்க்க வேண்டும், என் கண்ணெதிரே, அன்றைக்கே.

என் காதை நம்ப முடியாது. அவன் காதையும் நம்ப முடியாது, அவன் பெட்டி அது. இரண்டு பேர் மேலும் விருப்பு வெறுப்பு இல்லாத ஒன்று வேண்டும். சூசை திரும்பி வந்ததும் உன் சாம்பிராணியை எடு என்றேன். எதற்கு என்று கேட்டான். சொல்லுதேன், எடு என்றேன். மண் ஓட்டில் கங்கு வைத்துப் புகை கிளப்பினான். கோயில்குட்டிக்கு மூச்சே நின்றுவிட்டது. சாம்பிராணி போட இது என்ன ஆர்.சி. கோயிலா, நாளைக்குப் பேராயர் வாராவ, வாசனை பிடிச்சா என் வேலை போயிரும் என்று துண்டை எடுத்து விசிற ஆரம்பித்தார். விசிறாதீர், புகை கலையும் என்று அவரைப் பிடித்துத் துருத்தியில் ஏற்றினோம்.

முனகிய குழலைப் பிடுங்கி எடுத்துவிட்டு, அது நின்ற துளைக்கு மேலே புகையைப் பிடித்தேன். புகை நேராக ஏறியது. பக்கத்துக் கட்டையை அழுத்தச் சொன்னேன். பெட்டி சரியாக இருந்தால் இந்தத் துளையில் காற்றே வரக் கூடாது. சூசை அழுத்தினான். புகை சட்டென்று சிதறிப் போனது. கையை எடுத்தான், மறுபடி நேராக ஏறியது. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பக்கத்து மேசைக்காரனுடைய வேலையில் குறை தெரிந்தால் உங்கள் கண்ணோடு வாதாடிக்கொண்டு உட்காராதீர்கள். புகையிடம் கேளுங்கள். அதற்கு யார் மேலும் பொறாமை கிடையாது.

நான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். அதற்காகத்தானே இத்தனை பாடு.

முகம் விழவில்லை. துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். "சரிதான் அண்ணாச்சி. கடல்ல கெடந்தா மூடியிருக்கும். கரையில கெடக்குத மரத்துக்கு வள்ளத்து வேல பாத்திருக்கேன் பாரும்" என்றான். அவ்வளவுதான். சட்டையைக் கழற்றிப் பெஞ்சில் போட்டான். வஜ்ஜிரம் எவ்வளவு காய்ச்ச வேண்டும், தோல் எந்தப் பக்கம் ஒட்ட வேண்டும் என்று என்னிடமே கேட்டான். நான் நாள் முழுக்க ருசிக்கலாம் என்று வைத்திருந்ததை அவன் ஒரே வாயில் விழுங்கிவிட்டான்.

அவன் பெட்டி முழுவதையும் பிரிக்க வேண்டும் என்றான். வேண்டாம் என்றேன். நேரம் இல்லாதபோது சந்தேகத்தின் பேரில் எதையும் திறக்கக் கூடாது. ஒவ்வொரு துளையாகப் புகை காட்டினோம். புகை சிதறிய இடத்தில் மட்டும் அடிப்பலகையைக் கழற்றினோம், அசையாத இடத்தைத் தொடவில்லை. நான் வஜ்ஜிரம் காய்ச்சித் தோலை வெட்டிக் கொடுத்தேன், அவன் கையை உள்ளே விட்டு ஒட்டினான். அவன் விரல் போகிற இடத்துக்கு என் விரல் போகாது. அதையும் கவனித்தேன்.

மத்தியானம் மேல்காற்று ஏறியது. ஒட்டிய இடம் பிடிப்பதற்குள் மரம் இன்னும் சுருங்கிவிடும் போலிருந்தது. சூசை எல்லாச் சன்னலையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு சாக்குகளை நனைத்துச் சன்னல்களில் தொங்கவிடலாமா, உள்ளே ஈரம் நிற்கும் என்று கேட்டான். அந்த யோசனை எனக்கு வந்திருக்க வேண்டும். அந்தச் சீமையில் பிறந்து வளர்ந்தவன் நான், அவன் ஆற்று முகத்தில் தண்ணீரிலேயே கிடந்தவன். அந்த ஊரில் தண்ணீர் என்றால் கிணற்றுக்குள் இறங்கிக் கோரி எடுக்கிற சங்கதி. குடிக்கவே இல்லாதபோது சாக்குக்கு ஊற்றவா என்று பெண்கள் முனகினார்கள். சூசை அவர்களிடம் போய் என்ன சொன்னானோ, சாயங்காலம் வரைக்கும் குடம் குடமாக வந்துகொண்டிருந்தது. நான் போய்க் கேட்டிருந்தால் ஒரு செம்பு வந்திருக்காது.

இருட்டுவதற்குள் குழல்களை ஏற்றி முடித்தோம். புகை காட்டினோம். எல்லாத் துளையிலும் நேராக நின்றது.

மறுநாள் ஆர்கன் பாடியது. கோயில் நிறைய ஜனம், பேராயர், காய்ச்சலோடு வந்து முன்பெஞ்சில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்த முதலாளி. பாமாலைப் பாட்டுக்கு ஜனம் குரல் எடுத்தபோது நானும் சேர்ந்து சத்தமாகப் பாடினேன். நான் மரக்கட்டை இல்லை. ஆராதனை முடிந்து எல்லோரும் ஆர்கனைச் சுற்றி வந்து நின்றார்கள். ஒரு அம்மா என் கூட்டைத் தடவிப் பார்த்து, பீரோ நல்லா அமஞ்சிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். நான் செதுக்கிய ஓலைக்குக் கிடைத்தது அதுதான்.

குருவானவர் சூசையின் கையைப் பிடித்துப் பாராட்டினார். அப்போது அவன் செய்ததைக் கேளுங்கள். அத்தனை பேருக்கும் முன்னால், இந்தப் பெட்டியை நான் தப்பாகச் செய்திருந்தேன், நேற்றுவரை காற்று கசிந்தது, ஞானமுத்து அண்ணாச்சிதான் கண்டுபிடித்தார், அவர் காது இல்லாவிட்டால் இன்றைக்கு என் மானம் போயிருக்கும் என்று சொன்னான். ஒரு நிமிஷம் எனக்கு மனசு குளிர்ந்துதான் போனது. எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள் என்று சட்டைக் கைகளை இறக்கிவிட்டுக்கொண்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. எவ்வளவு பெரிய மனசு, எவ்வளவு பெரிய மனசு என்று அவனைத்தான் கட்டிப் பிடித்தார்கள். தப்பு செய்ததற்கும் அவனுக்கே பாராட்டு. எவ்வளவு நல்ல காது என்று ஒரு வாய் சொல்லவில்லை.

வெளியே பந்தலில் அசனம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கோயில் சுவர் நிழலில் உட்கார வைத்தார். பட்டறைப் பொறுப்பைச் சூசைக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். அதை அவர் என்னிடம்தான் முதலில் சொன்னார், அந்த மரியாதையை எனக்குக் கொடுத்தார். எனக்கு அது போதவில்லை. தப்பு அவனுடையது, கண்டுபிடித்தது நான், வழி சொன்னது நான், பிறகு எப்படி அவனுக்கு என்று கேட்டேன். குரல் கொஞ்சம் ஏறியும்விட்டது, பந்தலில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலாளி சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒன் காது அவனுக்கு வராதுலே. ஒன் கையும் இந்தச் சீமையில எவனுக்கும் கெடையாது. எனக்குத் தெரியாதா? ஆனா நாளைக்கிப் பட்டறையில ஒருத்தன் தப்புப் பண்ணுனா, அத ஒங்கிட்ட வந்து சொல்ல அவனுக்குத் தைரியம் வருமா? சொல்லாம மறச்சி வச்சான்னா, ஒன் காத வச்சி நான் என்ன செய்ய?"

நான் சாப்பிடப் போகவில்லை. சூசை ஒரு இலையில் சோறு வாங்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தான். பசிக்கவில்லை என்றேன். பசித்தது.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை சூசையின் கீழ்தான் வேலை பார்த்தேன். வேறு பட்டறைக்குப் போயிருக்கலாம், போகவில்லை. அவன் அடுத்து என்ன செய்கிறான் என்று பார்க்காமல் எனக்கு இருக்க முடியாது. முதலாளி அன்று சொன்னது தவறாக இருந்திருந்தால் நான் என்றைக்கோ அவரை மன்னித்திருப்பேன். அவருக்குப் பிறகு பட்டறைக்கு எத்தனையோ தச்சர்கள் வந்தார்கள். பலகை பிளந்தது, துளை பெரிதாகிப் போனது, தோல் விட்டது, எல்லாம் நடக்கும், நம் தொழில் அப்படி. பட்டறையில் என் மேசை வாசலை ஒட்டி இருந்தது, சூசையின் மேசை உள்ளே கடைசியில். கெட்டுப்போன பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவன் யாராக இருந்தாலும் என்னைத் தாண்டித்தான் அவனிடம் போக வேண்டும். பலகையில் என்ன குறை என்று அவர்கள் கடந்து போகும்போதே எனக்குத் தெரிந்துவிடும். ஒருத்தனாவது என் மேசையருகே நிற்பான் என்று நான் ஒவ்வொரு தடவையும் உளியைக் கீழே வைப்பேன்.